வெளியே நிற்கிற ஆள்

அவரைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். நானும் சொன்னேன், சிரித்துக்கொண்டு சொன்னேன். இப்போது சிரிக்காமல் சொல்கிறேன். அவர் பயந்தவர்.

கலியாண வீட்டுக்குப் போனால் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் பந்தலின் பின்பக்கத்தைப் போய்ப் பார்ப்பார். அங்கே வழியை அடைத்து யாராவது பெஞ்சு போட்டிருந்தால் தூக்கி ஓரமாக வைப்பார். பெற்றோமாக்ஸ் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார். "அது உஸ்ஸுன்னு சத்தம் போடுது, எனக்குச் சோறு எறங்காது" என்பார். புளத்கொகுபிட்டியவுக்குப் போகிற பஸ்ஸில் எத்தனை சீட் காலியாக இருந்தாலும் மிதிபலகையை விட்டு நகர மாட்டார். கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று முன்னால் தள்ளுவான். இவர் வாந்தி வருகிறது என்று சுத்தமான சிங்களத்தில் சொல்வார். கண்டக்டர் ஒதுங்கிவிடுவான். வாந்தியெல்லாம் ஒன்றும் கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அந்தத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். தோட்டத்துச் சனம் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயத்தில் பிறந்து, படித்து, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருந்தும் நான் அவரை நீ என்றுதான் பேசினேன். அவர் என்னை ஐயா என்றார். தோட்டத்தில் அப்படித்தான். அப்படித்தான் என்று சொல்லிவிட்டால் அது சரியாகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

எங்களுடையது ரப்பர்த் தோட்டம். கம்பெனிகள் தோட்டங்களை எடுத்த புதிது. எங்கள் கம்பெனி பாலை உறையவைத்து ஷீட் அடிப்பதை நிறுத்திவிட்டு, ரப்பர் பாலைப் பாலாகவே பீப்பாயில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. அங்கே அதில் கையுறை செய்வார்களாம். பால் கட்டிப்போகாமல் இருக்க அமோனியா கலக்க வேண்டும். ஆள் உயர இரும்புச் சிலிண்டர்கள் லொறியில் வந்து இறங்கின. ஃபெக்டரிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு அவற்றை நிறுத்தினார்கள். கஹவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இதே வேலை பார்த்தவர் என்று அவரைக் கொண்டுவந்து பொறுப்பாக வைத்தார்கள். முதலில் கேஸ்காரர் என்று கூப்பிட்டோம். ஒரு மாதத்தில் ஓட்டக்காரர் ஆகிவிட்டார்.

ஏனென்றால் ஓடுவார். ஹோஸ் லேசாகச் சீறினால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். ஓடுவதற்கு முன் ஒரு கணம் நிமிர்ந்து, பக்கத்துக் குன்றின் மேலே இருக்கிற கோயில் கொடியைப் பார்ப்பார். கொடி எந்தப் பக்கம் பறக்கிறதோ அதற்குக் குறுக்கே ஓடுவார். தூரப் போய் நின்று, கழுத்தில் கிடக்கிற ஈரத்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பால் தொட்டியில் நிற்கிற பையன்கள் கைதட்டுவார்கள். அவர் வெட்கப்படாமல் திரும்பி வந்து, விட்ட வேலையைத் தொடர்வார்.

காலையில் வந்ததும் நாலு சாக்குகளைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார். அமோனியா தண்ணீரைக் கண்டால் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், ஈரச்சாக்கைத் தலையில் போட்டால் பத்து மூச்சு கூடக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. மதியம் பால் வருகிற நேரத்தில் வாசலில் போய் நின்றுகொள்வார். பால் கொண்டுவருகிற பொம்பளைகளில் முதலில் வருகிறவரை மறிப்பார்.

"அக்கா, நாத்தம் அடிக்குதா? நல்லா மோந்து சொல்லுங்க."

தன் மூக்கை அவர் நம்ப மாட்டார். நாளெல்லாம் அதிலேயே கிடக்கிற மூக்குக்கு நாற்றம் பழகிப்போகும், வெளியிலிருந்து வருகிற மூக்குதான் உண்மையைச் சொல்லும் என்பார். பெரும்பாலும் முதலில் வருகிறவர் பாக்கியம் அக்கா. நாற்பது வயதுக்கு மேல், வாய் அதிகம்.

"ஏய்யா, ஒனக்குன்னு ஊட்ல ஒருத்தி இல்லியா? தெனம் வந்து என் மூக்கக் கேக்குற?"

"அவ மூக்கு தடுமம் புடிச்ச மூக்குக்கா. ஒங்க மூக்குதான் மூக்கு."

"அப்ப என் மூக்குக்கு ஒரு பேர் போடச் சொல்லு தொரைகிட்ட."

ஒரு நாள் சம்பளத்தைத் தோட்டத்தில் ஒரு பேர் என்போம். பேச்சு அப்படிப் போனாலும் அக்கா நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் போவார். இரண்டு தடவை "அடிக்குதுய்யா, கண்ணு கூட எரியுது" என்றார். இரண்டு தடவையும் ஏதோ ஒரு மூட்டு லேசாக ஒழுகிக்கொண்டிருந்தது.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. சிலிண்டர் மாற்றும்போது கொட்டகைக்குள் எத்தனை பேர் வேண்டுமானாலும் போகலாம். ஒரு ஆள் வெளியே நிற்க வேண்டும். என்ன நடந்தாலும் அந்த ஆள் உள்ளே போகக் கூடாது. ஃபெக்டரியைப் பார்த்துக்கொண்ட உத்தியோகத்தரை நாங்கள் ஃபெக்டரி ஐயா என்போம். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"சும்மா நிக்கிறதுக்கு ஒரு ஆளுக்குப் பேர் போடணுமா?"

"சும்மா நிக்கலங்க ஐயா. கத்துறதுக்கு நிக்கிறான்."

"ஏன், உள்ள இருக்கிறவனுக்கு வாய் இல்லியா?"

"உள்ள இருக்கிறவன் வாயத் தொறந்தா கேஸ்தாங்க போவும். சத்தம் வராது."

அது எப்படி அவருக்குத் தெரியும் என்று நான் ஒரு தடவை கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் ஃபெக்டரிப் படியில் உட்கார்ந்து சொன்னார். கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் ஒட்டுப்பால் களவு போகிறது என்று ஃபெக்டரியின் பின்கதவைப் பூட்டி வைத்திருந்தார்களாம். சாவி ஒரு உத்தியோகத்தரின் இடுப்பில். ஹோஸ் கழன்றபோது உள்ளே மூன்று பேர்.

"முன்பக்கம் பூரா கேஸு. பின்கதவுக்கு ஓடுனோம். பூட்டு. மத்த ரெண்டு பேரும் கதவத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. நான் கான்ல பூந்து வந்துட்டேன். வெளிய ஒருத்தன் நின்னிருந்தா கத்தியிருப்பான் ஐயா. யாராச்சும் வந்து கதவ ஒடச்சிருப்பாங்க. ஒருத்தனும் நிக்கல. எல்லாரும் உள்ளதான் இருந்தோம்."

"ஒனக்கு ஆயுசு கெட்டி" என்றேன். அன்று சாயங்காலமே இதை மற்ற உத்தியோகத்தர்களிடம் சாக்கடைக்குள் புகுந்து தப்பினவன் கதையாகச் சொல்லிச் சிரித்தேன்.

இப்போது சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஃபெக்டரிச் சங்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஊதும். விடியற்காலையில் பெரட்டுக்கு. அதாவது எல்லாரும் வந்து வரிசையில் நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொண்டு போவதற்கு. மதியம் பால் கொண்டுவருவதற்கு. இந்த இரண்டையும் விட்டு வேறு நேரத்தில் சங்கு ஊதினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மழை வருகிறது. சிரட்டையில் வடிந்திருக்கிற பாலை மழை அடித்துக்கொண்டு போனால் அன்றைய பேர் பாதியாகிவிடும். அதனால் மழைச் சங்கு கேட்டால் மரத்தில் பால் வெட்டுகிற வெட்டுக்காரப் பொம்பளைகள் கிடைத்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு, விழுந்து எழுந்து ஃபெக்டரிக்கு ஓடி வருவார்கள். அவர்களுடைய அம்மாமாரும் அப்படித்தான் ஓடி வந்தார்கள்.

பாலை வாங்குகிற வெளிநாட்டுக்காரன் ஒரு கேள்வி கேட்டான். உங்கள் ஃபெக்டரியில் கேஸ் கசிந்தால் என்ன செய்வீர்கள், எழுத்தில் காட்டுங்கள் என்றான். கொழும்பிலிருந்து கம்பெனி இங்கிலீஷில் எட்டுப் பக்கம் எழுதி அனுப்பியது. தமிழிலும் சிங்களத்திலும் மொழிபெயர்த்துச் சுவரில் ஒட்டுவது என் வேலை. அதில் இருந்த விஷயம் இவ்வளவுதான்: ஆபத்து என்றால் சங்கை விடாமல் ஊதவும். எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடவும். பெரட்டுக் களத்தில் நடுவதற்கு ஒரு பச்சைப் பலகையும் வந்தது. 'அவசர காலத்தில் கூடும் இடம்' என்று அதில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியவன் நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

பலகை நட்ட மறுநாள் அவர் ஆபீஸுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றார்.

"உள்ள வாயேன்."

"இங்கயே நிக்கிறேங்க. ஐயா, சங்கு வேணாம்."

"என்ன வேணாம்?"

"சங்கு ஊதுனா நம்ம சனம் ஓடாதுங்க, வரும். மழைன்னு நெனச்சிக்கிட்டு வாளியோட வரும். பலகை நட்டிருக்கீங்களே, பத்தரைக்கு மேல காத்து அங்கதான் ஏறுது."

"கம்பெனி யோசிக்காமயா எழுதியிருக்கு?"

"அவங்க நம்ம சங்கக் கேட்டதில்லைங்களே."

எனக்கு எரிச்சல் வந்தது. எட்டுப் பக்கத்தை இரண்டு மொழியில் எழுதி விரல் வலித்துக்கொண்டிருந்தது. "சரி, அப்ப என்ன செய்யணும்கிற? தந்தி அடிக்கவா?"

"கோயில் மணிய அடிக்கணும்."

நான் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு அடங்கும்வரை அவர் நின்றார்.

"சத்தம் கேட்டா மனுசன் சத்தத்துப் பக்கம்தாங்க போவான். அத மாத்த முடியாது. அதனால சத்தம் நல்ல எடத்துல இருந்து வரணும். கோயில் குன்று எந்தக் காத்துக்கும் ஒதுக்கம். நேரங்கெட்ட நேரத்துல மணி கேட்டா சனம் என்னமோ ஏதோன்னு மேல ஏறிடும். அவ்வளவுதான் வேணும்."

பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். பேர் பதிகிற செக்ரோல் தாளின் பின்பக்கத்தில் தோட்டத்தை வரைந்திருந்தார். ஃபெக்டரி, சிலிண்டர்க் கொட்டகை, கேட்டுகள், பாதைகள், ஆறு. காலைக் காற்றுக்கு நீலப் பென்சிலில் அம்பு, மலையிலிருந்து ஆற்றுக்கு. பத்தரைக்குப் பிந்திய காற்றுக்குச் சிவப்பு அம்பு, ஆற்றிலிருந்து மேலே. சிவப்பு அம்பு நேரே பெரட்டுக் களத்தில் போய்க் குத்தியது. ஒவ்வொரு லயத்துக்கும் பக்கத்தில் எத்தனை பேர், நடக்க முடியாதவர்கள் யார், எந்தப் பக்கம் கேட் பூட்டியிருக்கும் என்றெல்லாம் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். 'கத்துறதுக்கு' என்று போட்டு ஒவ்வொரு இடத்துக்கும் ஒருவர் பெயர் வேறு. நான் மேலாகப் பார்த்தேன். முழுதாகப் படிக்கவில்லை.

தொரையிடம் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாதபடி சொன்னேன். தொரை எங்களோடு பேசுகிற அரைத் தமிழில் கேட்டார். "கோயில் பெல்? என்னா மேன் இது? பால் வாங்குற பையர் சிரிக்கும். அந்த ஆளுக்கு வேலை இல்லையா?" நான் தாளை மடித்து மேசை லாச்சியில் போட்டேன்.

கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி கேமராவோடு வந்தார். முன்கூட்டியே நாள் சொல்லி, பால்வெட்டு இல்லாத நாளாகப் பார்த்து, ஒத்திகை நடந்தது. சங்கு ஊதியது. ஃபெக்டரி ஆட்கள் வரிசையாக வெளியே வந்து பச்சைப் பலகைக்கு முன்னால் நின்றார்கள். போட்டோ எடுக்கப் போகும்போது எண்ணினால் ஒரு ஆள் குறைந்தது. எங்கே என்று பார்த்தால், கோயில் குன்றின் மேல் தன்னந்தனியாக அவர் நிற்கிறார். தலையில் ஈரச்சாக்கு. கீழே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். யாரோ, "ஓட்டக்காரருக்கு அருள் வந்திருச்சு!" என்று கத்தினார்கள். தொரைக்கு முகம் சிவந்துவிட்டது. ஓட்டக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் டைப் அடித்தவன் நான். போட்டோ கம்பெனி அறிக்கையில் வந்தது. அதில் அவர் இல்லை.

நடந்தது அதற்குப் பிந்திய வருஷம். பதினொரு மணி இருக்கும். வானம் லேசாக மூடியிருந்தது, மழை இல்லை. சிலிண்டர் மாற்றுகிற நேரம். சேகர் என்று ஒரு பையன் கலியாணமாகி அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தான். அவன் உள்ளே இருந்தான். அவர் வெளியே நின்றார். புது ஹோஸ், மலிவானது, சிலிண்டரின் வாயிலேயே வெடித்தது.

சேகர் தலையில் போட்டிருந்த ஈரச்சாக்கோடு தவழ்ந்து வெளியே வந்துவிட்டான். கண் இரண்டும் வெந்துபோனாலும் உயிர் இருந்தது. வால்வுப் பக்கம் யாரும் போக முடியவில்லை. அவர் சேகரை இழுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு, "சங்கு ஊதாதீங்க! ஊதாதீங்க!" என்று ஃபெக்டரிக்குள் கத்தினாராம். ஃபெக்டரி ஐயா சுவரில் ஒட்டியிருந்தபடி செய்தார். பொத்தானை அமுக்கிவிட்டு மற்ற ஆட்களோடு பின்பக்கமாக வெளியேறினார். சங்கு விடாமல் ஊதியது.

நான் ஆபீஸ் ஜன்னலில் நின்றேன். எங்கள் ஆபீஸ் மேட்டில், பெரட்டுக் களத்துக்கும் கீழ்மலைப் பாதைக்கும் நேர் மேலே. ரப்பர் மரம் நிற்கிற ஒவ்வொரு பகுதியையும் மலை என்போம். ஃபெக்டரியிலிருந்து வெள்ளைப் புகை ஒன்று தரையோடு ஒட்டி ஏறி வந்தது. மூடுபனி மாதிரி, அவசரமே இல்லாமல். மேல்மலைப் பாதையில் பொம்பளைகள் வாளியோடு இறங்கி வருகிறார்கள். அவர் அவர்களுக்கு எதிரே ஓடுகிறார்.

"போங்க! மேல போங்க! கோயிலுக்குப் போங்க!"

"அந்தா, ஓட்டக்காரரு ஓடுறாரு!" என்று ஒருத்தி சிரித்தது எனக்கே கேட்டது. யாரும் நிற்கவில்லை. மழைக்கு முன் பாலைச் சேர்க்க வேண்டும். முன்னால் வந்தவர் பாக்கியம் அக்கா. அவர் அக்காவின் வாளியைக் காலால் எட்டி உதைத்தார். அன்றைய பால் முழுக்கக் கவிழ்ந்தது. வெட்டுக்காரியின் பாலைக் கொட்டுவது என்றால் என்ன என்று தோட்டத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அக்கா அவர் சட்டையைப் பிடித்து அடித்தார். அவர் ரப்பர்க் கம்பு ஒன்றை ஒடித்து எல்லாருடைய வாளியையும் தட்டினார், முதுகிலும் போட்டார். பொம்பளைகள் கத்திக்கொண்டு பின்னால் போனார்கள், திட்டுவதற்காகவாவது நின்றார்கள். அதற்குள் நாற்றம் வந்து எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அவர்களைத் துரத்திக்கொண்டே குன்றில் ஏறி மணியை அடிக்கத் தொடங்கினார்.

கீழ்மலைப் பாதையில் அவர் இல்லை. அங்கே நான் இருந்தேன்.

என் ஜன்னலிலிருந்து அந்தப் பாதைக்குக் கத்தினால் கேட்கும். தினமும் அந்த ஜன்னலிலிருந்துதான் ஆட்களைக் கூப்பிடுவேன். அன்று நான் கத்தவில்லை. போனை எடுத்துப் பங்களாவுக்கு அடித்தேன். சங்கை நிறுத்தலாமா என்று தொரையிடம் கேட்கப் போன் அடித்தேன். பங்களாவில் சமையல் செய்கிற அப்பு எடுத்து, "தொரை குளிச்சிக்கிட்டு இருக்காருங்க, பொறுங்க" என்றார். பொறுத்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, பொம்பளைகள் வாளியோடு வெள்ளைப் புகைக்குள் போவதைப் பார்த்தேன். கோயில் மணி கேட்டதும் பின்னால் வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். முன்னால் போனவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கலியாணம் முடித்து ஐந்து மாதம். இன்னொருத்தி அவள் மாமியார். பச்சைப் பலகையின் காலைப் பிடித்தபடி கிடந்தார்கள். வாளியில் பால் சிந்தாமல் இருந்தது.

கம்பெனிக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. பொறுப்பான ஆள் வால்வை மூடாமல் ஓடிவிட்டான் என்று ஃபெக்டரி ஐயா எழுதிக் கொடுத்தார். பொலீஸ் வந்தது. வடக்கில் சண்டை நடந்த காலம். தமிழ் ஆள் ஒருவனின் லய அறையை, அதாவது காம்பராவை, சோதனை போடக் காரணம் தேவையில்லை, அன்று காரணமும் இருந்தது. தகரப் பெட்டியில் அந்தப் படத்தின் இன்னொரு பிரதி கிடைத்தது. ஃபெக்டரி, கேட்டுகள், பாதைகள், எந்த லயத்தில் எத்தனை பேர், எந்த நேரம் காற்று எந்தப் பக்கம். பெரிய பொலீஸ்காரர் அதை ஆபீஸ் மேசையில் விரித்தார்.

அவர் சுவரோரமாக நிறுத்தப்பட்டிருந்தார். உதடு கிழிந்திருந்தது. "ஹுளங் பலன்ன, மாத்தயா" என்றார். காற்றுப் பார்ப்பதற்காக என்று சொன்னார். பொலீஸ்காரர்கள் சிரித்தார்கள்.

பெரிய பொலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். இப்படி ஒரு படம் ஆபீஸுக்குத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். அதே படம் என் முழங்காலுக்கு நேரே லாச்சியில் கிடந்தது. தொரை என்னைப் பார்த்தார். கொடுத்தும் கவனிக்கவில்லை என்று வெளியே வந்தால் கம்பெனி மாட்டும், தொரை மாட்டுவார். இந்தப் படத்துக்கு நானும் கூட்டாளி என்று பொலீஸ் நினைத்தால் நான் மாட்டுவேன். என் அடையாள அட்டையிலும் தமிழ்ப் பெயர்தான் இருந்தது.

"தெரியாது" என்றேன்.

அப்போது பாக்கியம் அக்கா யாரையும் கேட்காமல் உள்ளே வந்தார். எங்கள் பக்கம் பலபேர் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். அக்காவுக்குக் கடைச் சிங்களம் மட்டும்தான். தமிழிலேயே படபடவென்று சொன்னார்.

"ஐயா, இந்த ஆளு என் பால எத்திக் கொட்டுனாரு. கம்பால அடிச்சாரு. நான் செருப்பால அடிக்கலாம்னு இருந்தேன். ஆனா கொட்டலேன்னா நான் அந்தப் பொகைக்குள்ள போயிருப்பேன். எங்க மலைப் பொம்பளைங்க அத்தன பேரும் போயிருப்போம். இந்த ஆளு ஓடல, எங்களத்தான் ஓட்டுனாரு. இத அவங்க பாசையில சொல்லுங்க."

என்ன சொல்கிறாள் என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். இவளுடைய பாலை இந்த ஆள் உதைத்துக் கொட்டினான், கம்பால் அடித்தான் என்கிறாள் என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

பெரியவர் எழுதிக்கொண்டார். அக்கா நான் முழுதையும் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, "நல்லாருப்பீங்க" என்று என்னைக் கும்பிட்டார். சுவரோரமாக நின்றவருக்கு மட்டும்தான் நான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். இந்த ஐயாவிடமும் ஒரு படம் கொடுத்தேன், லாச்சியைத் திறந்து பாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஏழு மாதம் வைத்திருந்தார்கள். வழக்குப் போடவில்லை. விட்டபோது தோட்டத்தில் அவருக்கு வேலை இல்லை, காம்பராவும் இல்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த ஏழு மாதமும் நான் தினமும் ஆபீஸுக்குப் போனேன். தாளை லாச்சியிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியின் அடியில் வைத்தேன். கிழிக்கவில்லை. அது நல்ல மனசு இல்லை. கிழிக்கவும் பயம்.

வருஷங்கள் கழித்து இரத்தினபுரி பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். எம்பிலிப்பிட்டியவில் ஒரு அரிசிக் கடையில் மூட்டை தூக்குவதாகச் சொன்னார். மெலிந்திருந்தார், இடது காது கேட்கவில்லை. தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போனேன். வாசலுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். முதல் தடவையாக அவரை நீங்க என்று பேசினேன்.

"அன்னைக்கு நீங்க ஏன் என்னக் காட்டிக் குடுக்கல? படம் ஐயாகிட்டயும் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா ஒங்களயும் தூக்கியிருப்பாங்க."

"தூக்கியிருக்கட்டும்."

"ரெண்டு பேரும் உள்ள போயிட்டா எப்படிங்க ஐயா? ஒரு ஆள் வெளிய நிக்கணுமில்ல." தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்தார். "ஏழு மாசம் காதத் தீட்டிக்கிட்டுத்தான் கெடந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஹோஸ் ஒழுகுகிறது என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு, "அந்தப் படம் இருக்குங்களா?" என்று கேட்டார்.

"தொலஞ்சிருச்சு" என்றேன். இத்தனைக்குப் பிறகும் அதைத்தான் சொன்னேன்.

பஸ் வந்தது. கண்டக்டர் முன்னால் போகச் சொல்லிக் கத்தினான். அவர் மிதிபலகையை விட்டு நகரவில்லை. கைகாட்டவும் இல்லை, நிலையத்தின் மேலே தொங்கிய கட்சிக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து தாளை எடுத்தேன். அன்றுதான் அதை முதன்முதலாக முழுதாகப் படித்தேன். ஒன்றாம் லயம், கத்துறதுக்கு: பெரியசாமி. இரண்டாம் லயம்: பாக்கியம் அக்கா, சத்தம் பெருசு. பிள்ளைக் காம்பரா: பிள்ளை பாக்கிற ஆயாம்மா. கீழ்மலைப் பாதைக்கு மேலே ஒரு சின்னச் சதுரம், அது ஆபீஸ். ஜன்னலைக்கூட வரைந்திருந்தார். அதன் பக்கத்தில் அவருடைய கோணல் எழுத்தில் இருந்தது:

கத்துறதுக்கு: கிளாக்கர் ஐயா. ஜன்னல்ல இருந்து கத்துனா கீழ்மலை பூரா கேக்கும்.